ஊமையாக்கியவர் யார்?

நூல்களை எடுத்து நிறைகுறை பேசுவது இந்தப் பக்கங்களின் வழக்கம். புதினம் வரும், கவிதை வரும், மேடையேறிய நாடகம் வரும். நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் நூலுக்கு அட்டை கிடையாது; எழுதியவர் பெயர் கிடையாது; கடையிலே கேட்டால் கிடைக்காது. ஆயினும் தமிழ்நாட்டின் ஒவ்வொரு சிற்றூரிலும் அதன் வரிகள் ஆண்டுதோறும் நிறைவேற்றப்படுகின்றன. எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயிக்கும் விதிதான் அந்த நூல். பிரமன் தலையில் எழுதுகிறான் என்ற கதையை நாம் நம்புவதில்லை. ஆனால், அலுவலகத்து மேசையிலே எழுதப்படும் இந்த எழுத்து, ஆறு வயதுப் பிள்ளைகள் பலருக்குத் தலையெழுத்தாகவே ஆகிவிடுவதை வகுப்பறையில் நின்று நாள்தோறும் பார்க்கிறேன். ஆகவே இதனை விமர்சனத்துக்கு உரிய நூலாகக் கொள்வதில் தவறில்லை என்று கருதுகிறேன்.

விதி என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தோடு இணைந்த அட்டவணை, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர் என்று அடுக்கிக்கொண்டு போகிறது. தமிழ்நாட்டில் ஒவ்வோராண்டும் ஆகஸ்டு முதல் நாள் நிலவரப்படி தலைகளை எண்ணுகிறார்கள். தலை மிகுந்தால் பணியிடம். குறைந்தால் 'உபரி' என்று முத்திரை குத்திப் பணி நிரவலில் வேறூருக்கு மாற்றம். தலைக்குக் கணக்கு உண்டு, நாவுக்கு? அந்தப் பிள்ளை வீட்டிலே என்ன மொழி பேசுகிறது, ஆசிரியர் பேசுவது அதற்கு விளங்குகிறதா, விளங்காவிட்டால் விளங்கச் செய்வது யார் பொறுப்பு? அட்டவணையைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தாலும் இதற்கு ஒரு வரி அகப்படாது.

"தமிழ்நாட்டுப் பள்ளியிலே தமிழ் விளங்காத பிள்ளையா?" என்று வியக்கும் தோழர்கள் உண்டு. வியப்பு வேண்டாம். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இம்மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர் 100க்கு 88 பேர். தெலுங்கு சொன்னவர் ஏறத்தாழ 6 பேர். கன்னடமும் உருதும் தனித்தனியே 2 பேருக்குச் சற்றுக் குறைவு, மலையாளம் 1. நம் புதுக்கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 மார்ச்சு 3 வரை தொண்டைமான்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம் இது. அவர்கள் அடித்த அம்மன் காசை எவரேனும் சேமித்து வைத்திருந்தால் புரட்டிப் பாருங்கள்: ஒருபுறம் அம்மன் உருவம், மறுபுறம் 'விஜய' என்று தெலுங்கு எழுத்து! தமிழ் மண்ணில் தமிழ் மன்னன் அடித்த காசிலே தெலுங்கு. பல நாக்குகள் கூடி வாழ்வது நமக்குப் புதிதன்று.

தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் நம் ஊர்க் குடும்பங்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக இருமொழியாளர். அவர்கள் வீட்டுப் பிள்ளை தெருவில் இறங்கும்போதே தமிழோடு இறங்குகிறது. என் கவலை வேறு இரண்டு கூட்டத்துப் பிள்ளைகளைப் பற்றியது. தமிழோசை காதில் விழாமலே முதல் வகுப்பின் பாயில் வந்து உட்காருகிறவர்கள் அவர்கள்.

முதற் கூட்டம் நரிக்குறவர் வீட்டுப் பிள்ளைகள். புதுக்கோட்டைப் பகுதியில் ரெங்கம்மாள் சத்திரத்திலும், திருச்சிக்கு அருகே தேவராயநேரியிலும் அவர்கள் குடியிருப்புகள் உள்ளன. அவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. குசராத்தி முதலிய மொழிகளோடு உறவுடைய இந்தோ ஆரிய மொழி. அதற்கென எழுத்து கிடையாது. அதனை ஆராய்ந்து சீனிவாச வர்மா எழுதிய நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970இல் வெளியிட்டது. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்கிலிருந்து அந்த அறிவு தொடக்கப்பள்ளி ஆசிரியர் கைக்கு இன்னும் இறங்கி வரவில்லை. எனக்குக் கிடைத்த பயிற்சிகள் எதிலும் அந்த மொழியின் பெயரைக்கூட ஒருவரும் உச்சரித்ததில்லை.

இலக்கியம் இவர்களை எப்படிப் பார்த்தது? திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியிலே குறத்தி மலைவளம் பாடுகிறாள். அருவி போலத் தமிழ் கொட்டுகிறது. ஆனால் அவள் மலைக்குறத்தி. நரிக்குறவரோடு அவளுக்கு மொழியாலும் தொடர்பில்லை, மரபாலும் தொடர்பில்லை. பிற்கால மேடையும் திரைப்படமும் அந்த வேறுபாட்டை அறியாமல், அல்லது அறிந்தும் பொருட்படுத்தாமல், இருவரையும் ஒருவராக்கிப் பாசிமணி மாட்டிவிட்டன, கொச்சைத் தமிழ் பேச வைத்தன, கைதட்டல் வாங்கின. நாமும் சிரித்தோம். அந்தத் தமிழ் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. ஒரு மொழியைப் பள்ளியில் பயிலாமல் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் பொறுக்கியெடுத்துப் பழகியவர் பேச்சு அப்படித்தான் இருக்கும். பட்டம் பெற்ற நம்மில் எத்தனை பேருடைய ஆங்கிலம் அதைவிட ஒழுங்கு?

அந்தப் பிள்ளை வகுப்புக்கு வருகிறது. 'வா', 'உட்கார்', 'உன் பெயர் என்ன?' இவை விளங்குகின்றன; பதிலும் வருகிறது. 'எது பெரியது?', 'எத்தனை மிச்சம்?', 'பொருந்தாததை வட்டமிடு' என்றால் விழிக்கிறது. வீட்டிலே மணி கோக்கும்போது பத்துப் பத்தாக எண்ணுகிற பிள்ளைதான் இது. திருவிழாக் கூட்டத்தில் ஊசி விற்று, விலை பேசி, சில்லறை திருப்பிக் கொடுக்கிற பிள்ளைதான். கணக்கு அதற்குத் தெரியும். கேள்விதான் தெரியவில்லை. நாம் என்ன செய்கிறோம்? 'மெல்லக் கற்பவர்' என்று ஏட்டில் குறிப்பு எழுதுகிறோம். இரண்டாம் வகுப்பிலும் அதே குறிப்பு. மூன்றாம் வகுப்பில் பிள்ளை வாய் திறப்பதையே விட்டுவிடுகிறது. ஐந்தாம் வகுப்பை எட்டும்போது பதிவேட்டிலே பெயர் இருக்கிறது. பாயிலே ஆள் இல்லை.

'அவன் குலத்துக்குப் படிப்பு வராது' என்று முன்பு வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்தப் புரட்டை உடைக்கச் சுயமரியாதைக்காரர்கள் ஊர் ஊராக நடந்தார்கள். இன்று எவரும் அப்படிச் சொல்லத் துணிவதில்லை. ஆனால், காரணத்தை ஆராயாமல் விளைவை மட்டும் பிள்ளையின் மேல் எழுதி வைக்கிற 'மெல்லக் கற்பவர்' என்ற மெத்தென்ற சொல்லுக்குள் அந்தப் பழைய தீர்ப்பு பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கிறது. மழை பெய்யவில்லை, யாகம் செய் என்பவனுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இரண்டாவது கூட்டம் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர் பிள்ளைகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் செங்கல் காளவாய்க்கும், கல்லுடைக்கும் ஆலைக்கும், கட்டடப் பணிக்கும் குடும்பத்தோடு வருகிறார்கள். இங்கே தோழர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். 'இந்திக்காரப் பிள்ளைகள்' என்று இவர்களை ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடுகிறோம். உண்மை அதுவன்று. பீகாரிலிருந்து வரும் பிள்ளை வீட்டிலே பேசுவது பெரும்பாலும் போச்புரி அல்லது மைதிலி அல்லது மகதி. மைதிலியும் சந்தாலியும் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் இடம் பெற்றன. போச்புரிக்கு இன்னும் அந்த இடமில்லை. அந்தப் பிள்ளைக்கு அதன் சொந்த மாநிலத்துப் பள்ளியிலேயே இந்தி ஒரு பள்ளி மொழி, வீட்டு மொழியன்று. ஆகவே, 'வடநாட்டுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், ஓர் இந்தி ஆசிரியரை நியமித்துவிட்டால் சரியாகிவிடும்' என்று எவரேனும் யோசனை சொன்னால், அது இரக்கத்தின் உடுப்பணிந்து வரும் பழைய பேச்சு. அதற்கு நாம் உடன்பட வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது, இங்கே வாழ்வதற்கான தமிழும், தமிழ் வரும்வரை அதன் வீட்டுப் பேச்சை மதித்துப் புரிந்துகொள்ளும் ஓர் ஆளும்.

ஏன் ஓர் ஆள்? தமிழாசிரியர் போதாதா? போதாது. பிறமொழிப் பிள்ளைக்குத் தமிழைச் சொல்லித் தருவது தனி வேலை. இந்தி எழுத்தைச் சிறிது பழகிய பிள்ளைக்குக் ka, kha, ga, gha என்று நாம் எழுதிக்காட்ட முடியாத நான்கு ஒலிகளுக்கும் நான்கு எழுத்து உண்டு. நம் 'காகம்' என்ற சொல்லில் ஒரே ககரம் இரண்டு வகையாக ஒலிப்பது அதற்குப் புதிர். தமிழ்ப் பிள்ளைக்கு இதை எவரும் கற்பிப்பதில்லை, காது கற்றுக்கொடுத்துவிடுகிறது. 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாடும் அப்படியே. கேட்பவனையும் சேர்த்துக்கொள்ளும் சொல் ஒன்று, விலக்கி வைக்கும் சொல் ஒன்று. இந்திக்கு இரண்டுக்கும் ஒரே சொல். இவற்றையெல்லாம் தமிழை வீட்டிலிருந்தே கொண்டு வந்தவர்க்காக எழுதப்பட்ட பாடநூல் எங்கே சொல்லப்போகிறது?

இனி, நாமே இயற்றிய சட்டத்துக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம். அவ்வாண்டு முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2015–16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. முதற்பகுதி தமிழ், கட்டாயம். இரண்டாம் பகுதி ஆங்கிலம், கட்டாயம். மூன்றாம் பகுதி பிற பாடங்கள். நான்காம் பகுதி, தமிழோ ஆங்கிலமோ தாய்மொழியல்லாத பிள்ளை விரும்பினால் தன் தாய்மொழியை விருப்பப் பாடமாகப் படிக்கலாம். சட்டத்தின் நோக்கத்தை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். இந்நாட்டில் பிழைக்க வேண்டிய எந்தப் பிள்ளையும் தமிழறியாமல் வெளியே போகக்கூடாது. மருத்துவமனையில், நியாயவிலைக் கடையில், கூலி பேசும் இடத்தில், காவல் நிலையத்தில் தமிழ் தெரியாதவன் ஏமாற்றப்படுவான். ஆனால், இந்த நான்கு பகுதிகளில் எதிலும், கட்டாயம் என்று சொன்னதைக் கற்பிப்பவர் யார் என்ற பேச்சில்லை. நான்காம் பகுதியோ, எழுத்தில்லாத மொழி பேசும் பிள்ளைக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய். வாக்ரிபோலியை விருப்பப் பாடமாக எடுத்தால் எந்தப் புத்தகத்தை விரிப்பது?

விளைவு என்னவாயிற்று? மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளின் மாணாக்கர் நீதிமன்றம் ஏறினர். தமிழ் கற்பிக்கப் போதிய ஆசிரியர் தரப்படவில்லை என்பது அவர்கள் எடுத்துவைத்த வாதங்களுள் ஒன்று. பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழ்த் தாள் எழுதுவதிலிருந்து விலக்குக் கிடைத்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டுத் தேர்வுக்கும் விலக்களித்தது. ஆசிரியரைத் தந்திருந்தால் தமிழ் கற்றிருப்பார்கள். தராததால் தமிழிலிருந்து விலக்குப் பெற்றார்கள். தமிழுக்காக இயற்றிய சட்டம் தமிழிலிருந்து தப்பிக்கும் வழக்காக முடிந்தது! நீதிமன்றம் போக வசதியுள்ளவர் விலக்குப் பெற்றனர். ரெங்கம்மாள் சத்திரத்துப் பிள்ளைக்கு வழக்குரைஞர் வைக்க வழியேது? அது தேர்வறை வரை போவதே அருமை.

சிலர் முகம் சுளிக்கக்கூடும். "இந்தித் திணிப்பை எதிர்த்த நாட்டில், தமிழைக் குறைசொல்லும் குரலா?" என்பர். அவர்களுக்கு நான் நம் மாவட்டத்து இரண்டு ஊர்களை நினைவூட்டுகிறேன். 1965இல் மொழிப்போரில் உயிர் நீத்த முத்து, கீரனூர்க்காரர், சண்முகம், விராலிமலைக்காரர். இரண்டு ஊரும் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தவை. அவர்களுக்கு முன்பு, 1938இல் ஆச்சாரியார் ஆட்சி 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது சிறை சென்றவர்கள் ஆயிரத்துக்கும் மேல். நடராசனும் தாலமுத்துவும் சிறைவாசத்தில் மாண்டனர். இவர்கள் ஏந்திய வாதம் என்ன? பிள்ளைக்கு அயலான மொழியை அதிகாரத்தால் தலையில் ஏற்றி, அதிலே தேறாதவனைத் தாழ்த்துவது அநீதி என்பது அதன் நெஞ்சு. அந்தத் தராசு நம் கையில் இருக்கிறது. அதிலே பிறருடைய சரக்கை மட்டுந்தான் நிறுப்போம், நம்முடையதை நிறுக்கமாட்டோம் என்றால், அது வாணிகன் தராசு. தமிழ் கற்பிப்பதும் இந்தி திணிப்பதும் ஒன்றா என்றால், ஒன்றல்ல. இங்கே தமிழ் வாழ்வுக்கு வேண்டிய மொழி. அது எந்தப் பிள்ளைக்கும் உரிமை. உரிமை என்று ஒப்புக்கொண்ட பிறகு அதனைக் கொண்டுபோய்க் கையில் கொடுக்க ஆள் அனுப்ப வேண்டும். ஆள் அனுப்பாமல் தேர்வுத் தாளை மட்டும் அனுப்பினால், அது உரிமைப் பத்திரமா, அபராதச் சீட்டா?

"பிள்ளைகள் பழகப் பழகத் தாமே கற்றுக்கொள்வார்கள்" என்பது மற்றொரு வாதம். கேட்க இனிமையாக இருக்கிறது, செலவும் இல்லை. விளையாட்டுத் திடலின் பேச்சு விரைவில் வந்துவிடும் என்பது மெய். ஆனால், பேச வந்துவிட்டது என்பதாலேயே பாடம் விளங்கும் என்று கொள்வது பிழை. கனடா நாட்டில் வந்தேறிய குடும்பத்துப் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், உரையாடும் திறன் இரண்டாண்டளவில் வரும், பாடமொழியில் மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்று காட்டினார். ஐந்து முதல் ஏழு ஆண்டு என்றால் நம் பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளியே முடிந்துபோகிறது!

அமெரிக்காவில் இந்த வாதம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சான்பிரான்சிசுகோ நகரில் ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,800 பேருக்குத் தனி உதவி எதுவும் தரப்படவில்லை. 'எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பள்ளி; எங்கே பாகுபாடு?' என்றது பள்ளி நிர்வாகம். 1974இல் தீர்ப்பு வந்தது: மொழி விளங்காத பிள்ளைக்கு அதே புத்தகத்தையும் அதே ஆசிரியரையும் கொடுத்துவிட்டுச் சமமாக நடத்தினோம் என்பது சமத்துவம் ஆகாது. நம் பணியிட அட்டவணை இன்றும் அந்தப் பள்ளி நிர்வாகத்தின் வாதத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இங்கிலாந்தின் வரலாறு நமக்கு இன்னும் பயன்படும். ஏனெனில் அங்கே பணியிடம் கொடுத்த பிறகும் தவறினார்கள். 1965இல் ஒரு சுற்றறிக்கை, வந்தேறிகளின் பிள்ளைகள் ஒரு பள்ளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று அறிவுரை தந்தது. லண்டனை ஒட்டிய சவுத்தாலில் பஞ்சாபிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி, தொலைவிலுள்ள பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ஆசிரியரைப் பிள்ளையிடம் அனுப்ப மனமில்லாமல் பிள்ளையை மூட்டை கட்டி அனுப்பிய இந்த வேடிக்கை பல ஆண்டு நடந்தது. அடுத்த ஆண்டே, 1966இன் உள்ளாட்சிச் சட்டம் 11ஆம் பிரிவு, அத்தகைய பிள்ளைகளுக்காகத் தனி ஊழியர் வைக்கும் உள்ளாட்சிகளுக்கு மைய அரசு மானியம் தர வழி செய்தது; முதலில் செலவில் பாதி, பின்னர் முக்கால் பங்கு. நல்ல ஏற்பாடு. ஆயினும் இரண்டு ஓட்டைகள். காமன்வெல்த்து நாட்டிலிருந்து வந்தோர் என்று சட்டம் சொன்னதால், வியட்நாமிலிருந்து அகதியாக வந்த பிள்ளை கணக்கில் சேரவில்லை. 1993இல்தான் அந்தச் சொல்லைத் திருத்தினார்கள். மற்றொன்று, மொழிக்கென்று வந்த ஆசிரியரைப் பல பள்ளிகள் விடுப்பில் போனவர் வகுப்பைப் பார்க்கவும் பொது வேலைக்கும் பயன்படுத்திக்கொண்டன. நம் பள்ளிகளில் புள்ளிவிவரம் ஏற்றும் வேலையே ஓராள் வேலையாக இருக்கும்போது, மொழிக்கென வருபவர் கதி என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

கடல் கடக்காமலும் எடுத்துக்காட்டு உண்டு. கேரளத்தில் எர்ணாகுள மாவட்டம் 2017இல் 'ரோஷ்ணி' என்னும் திட்டத்தைத் தொடங்கி, வங்காளமும் ஒடியாவும் இந்தியும் அறிந்த தொண்டர்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்து, பிள்ளையின் மொழியில் தொடங்கி மலையாளத்துக்கு நடத்திச் சென்றது. அதே ஆண்டில் வயநாட்டில், பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த தகுதி பெற்ற இளைஞர்களையே தொடக்கப்பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்த்தினார்கள், இருநூற்றுக்கும் மேற்பட்டோர். ஆசிரியர் தன் மொழியில் பேசக் கேட்கும் பிள்ளை, பள்ளி தனக்கும் உரியது என்று முதல் நாளே அறிந்துகொள்கிறது. நம் மாநிலத்திலும் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற் சூளைகளில் ஒடியா நூல்களை வரவழைத்துக் கற்பித்த முயற்சி நடந்திருக்கிறது. புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளுக்காக அரசு 'தமிழ் மொழி கற்போம்' என்ற திட்டத்தையும் கொண்டுவந்திருக்கிறது. பாராட்டத்தக்கது. ஆனால், திட்டம் வேறு, பணியிடம் வேறு. திட்டம் ஆண்டுதோறும் நிதியை எதிர்பார்த்து நிற்கும், பணியிடம் நிற்காது. அந்த நிதியும் எப்படிப்பட்டது? 2024–25ஆம் ஆண்டுக்குரிய ஒருங்கிணைந்த கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை, தன் கல்விக் கொள்கைக்குக் கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததைப் பார்த்தோமே!

திட்டங்களுக்கு மற்றொரு நோயும் உண்டு: தொண்டர் நோய். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலருக்குத் தந்த தொகை மாதம் 1,000 ரூபாய். பெருந்தொற்றுக் காலத்து இடைவெளியை அடைக்க அது உதவிற்று, மறுக்கவில்லை. 1992இல் முழு எழுத்தறிவு பெற்றதென அறிவிக்கப்பட்ட இம்மாவட்டத்துக்குத் தொண்டின் வலிமையை எவரும் கற்பிக்கத் தேவையில்லை. அறிவொளி இயக்கத் தொண்டர்கள் கல்லுடைக்கும் பெண்களிடம் அவர்கள் ஓயும் நேரம் பார்த்துச் சென்று எழுத்தறிவித்தார்கள். மிதிவண்டி பழகிய பெண்கள் ஊரையே திகைக்க வைத்தார்கள். ஆனால், அறிவொளி ஒரு பேரலை. ஏழாண்டு பிடிக்கும் வேலையை அலை செய்யாது. அதற்குச் சம்பளம் வாங்கி, நாளும் பள்ளிக்கு வருகிற ஆள் வேண்டும்.

அளவுகோல் இல்லாமலும் இல்லை. 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வியமைச்சர் மாநாடு, ஒரு பள்ளியில் ஒரு மொழி பேசும் பிள்ளைகள் 40 பேரோ, ஒரு வகுப்பில் 10 பேரோ இருந்தால் அம்மொழி ஆசிரியர் ஒருவரையேனும் தர வேண்டும் என்று முடிவு செய்தது. தாய்மொழி எது என்பதைப் பெற்றோர் சொல்வதே முடிவு என்றும் சொன்னது. 1956இல் ஏழாவது திருத்தம் அரசியல் சட்டத்தில் 350 அ பிரிவைச் சேர்த்து, தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி தர முயல்வதை மாநிலத்தின் கடமையாக்கியது. 2009ஆம் ஆண்டுச் சட்டமும் 'இயன்றவரை' தாய்மொழியில் என்கிறது. இந்த 'இயன்றவரை' என்ற சொல்லைப் போல அலுவலகங்களுக்கு அருமையான சொல் வேறில்லை. எதையும் செய்யாமலிருக்க அது ஒன்றே போதும்.

எழுபத்தைந்து ஆண்டு கடந்த அந்த 40க்கும் 10க்கும் புத்துயிர் கொடுக்கலாம். தனிப் பயிற்றுமொழி வகுப்புக்காக அல்லாமல், தமிழுக்கு ஏற்றிவிடும் மொழித்துணை ஆசிரியருக்காக. ஒரு பள்ளியில் பத்துப் பேர் சேரவில்லையென்றால் குறுவள மையத்துக்கு ஒருவர் என்று வைத்து, அருகருகே உள்ள பள்ளிகளுக்குச் சென்று வரச் செய்யலாம். அவருடைய பெயர் பொதுப் பணியிடக் கணக்கில் சேரக்கூடாது. சேர்த்தால் அடுத்த பணி நிரவலில் முதலில் பறிபோவது அவர்தான்.

எல்லாவற்றுக்கும் முன்பு, எண்ணும் நாளை மாற்ற வேண்டும். தமிழ்நாட்டுக் காளவாய்கள் மழைக்காலம் ஓய்ந்த பின்னரே புகையத் தொடங்குகின்றன. தையிலிருந்து ஆனி வரை அவற்றின் பருவம். ஒடிசாக் குடும்பங்கள் அப்போது வந்து, மழைக்கு முன் போய்விடுகின்றன. நாம் எண்ணுவதோ ஆகஸ்டு முதல் நாள்! ஆள் இல்லாத நாளாகத் தேடிப் பிடித்தது போல அல்லவா இருக்கிறது? நரிக்குறவர் குடும்பங்களும் திருவிழாக் காலங்களில் ஊர் ஊராக மணி விற்கப் போய்விடுகின்றன. வருகைப் பதிவு குறைகிறது. 'பிள்ளைகள் இல்லை' என்று எழுதுகிறோம். பொங்கல் கழிந்து பிப்ரவரியில் மறுமுறை எண்ணினால், ஏட்டில் இல்லாத பிள்ளைகள் காளவாய் ஓரத்தில் இருப்பது தெரியவரும். எண்ணும்போது ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும்: வீட்டிலே என்ன மொழி? 'இந்தி' என்று நாமே நிரப்பிவிடாமல், பெற்றோர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும்.

யாரை நியமிப்பது என்று கேட்பார்கள். நரிக்குறவரும் குருவிக்காரரும் நெடுங்காலம் கேட்டுவந்த பழங்குடிப் பட்டியல் இடம், 2022 திசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2023 சனவரியில் சட்டமாயிற்று. இடஒதுக்கீட்டுக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் ஆசிரியர் தகுதித் தேர்வு என்ற மதிலைத் தாண்டி உள்ளே வர, ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு தலைமுறையிலிருந்து எத்தனை பேர் கிடைப்பார்கள்? ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளைஞரை, குறிப்பாகப் பெண்களை, மொழித்துணை ஆசிரியராகச் சம்பளத்தோடு அமர்த்தி, பணியிலிருந்தபடியே ஆசிரியர் பட்டயம் பெற அரசு ஏற்பாடு செய்யட்டும். அவர் வகுப்பில் அமர்ந்து அந்தப் பிள்ளையின் கேள்வியை எனக்கு மொழிபெயர்க்கட்டும். என் கேள்வியை அந்தப் பிள்ளைக்கு மொழிபெயர்க்கட்டும். நானும் அவரிடம் வாக்ரிபோலியில் பத்துச் சொல் கற்றுக்கொள்கிறேன்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பிப்ரவரிக் கணக்கெடுப்புக்கு ஒரு சுற்றறிக்கை, பணியிடத்துக்கு ஓர் அரசாணை, இரண்டும் துறை அளவிலேயே பிறப்பிக்கக் கூடியவை. அடுத்த ஆகஸ்டுப் பட்டியல் தயாராகும் முன்பே, வட்டார வள மையங்களில் இந்தக் கேள்வியை எழுத்தில் எழுப்பிப் பதிலை எழுத்தில் கேட்கும்படி இம்மாவட்டத்துத் தோழர்களையும், ஆசிரியர் சங்கங்களில் உள்ள நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறேன். தத்தம் ஊர்ப் பள்ளியில் வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகள் எத்தனை பேர், எந்த மாதத்தில் வருகிறார்கள், எந்த மாதத்தில் போகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துவைத்தால், அதுவே அலுவலகத்தில் இல்லாத முதற் கணக்காக இருக்கும்.